செட்டிநாட்டு வீடும் கடல்வழி வந்த அணிகளும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. பிற இடங்களில் இவை வெவ்வேறு காரியங்கள். செட்டிநாட்டிலோ இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குடும்பத்துக் கல்யாணங்களை வீட்டிலேயே நடத்துவது நகரத்தாரின் வழக்கம். உறவினர் திரளாக வந்து அமர வேண்டும். பந்தி நடக்க வேண்டும். சீர்ச் சாமான்களைப் பரப்பி வைக்க வேண்டும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை ஒன்று வேண்டும். இத்தனை தேவைகளும் சேர்ந்தே அவ்வீடுகளின் அளவை வகுத்தன. இதை மனத்திற் கொள்ளாமல் பார்ப்பவர்க்கு அவை வெறும் ஆடம்பரமாகவே தோன்றும்.

செட்டிநாடு என்பது காரைக்குடியை நடுவாகக் கொண்டு, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள வறண்ட நிலப்பகுதி. முன்னாளில் 96 ஊர்கள் இருந்தன என்பர். இன்று எஞ்சியிருப்பவை 70-க்குச் சற்று மேற்பட்டவை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டிற்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்று நகரத்தார் தம் குலவரலாற்றைக் கூறுவர். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து அவர்களுடைய பிரிவுகள் அமைந்துள்ளன. உப்பு முதலிய பண்டங்களில் வாணிகம் செய்துவந்த இம்மக்கள், 19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த கொடுக்கல் வாங்கலில் இறங்கினர். அதன் பயனே பின்னர் எழுந்த மாளிகைகள்.

கிட்டங்கியும் மாளிகையும்

ஆங்கிலேயர் ஆட்சி பரவிய துறைமுகங்கள் தோறும் நகரத்தாரும் சென்றனர். இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவர்கள் கடை வைத்தனர். பினாங்குத் தண்ணீர்மலையில் 1857-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர்த் தேங்க் ரோட்டில் 1859-ஆம் ஆண்டிலும் அவர்கள் எழுப்பிய முருகன் கோயில்கள் இன்றும் அக்காலத்திற்குச் சான்றாக நிற்கின்றன.

அந்நாளில் அவர்கள் தொழில் செய்த இடத்தைக் கண்டவர்கள் மாளிகையை நினைத்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கி என்பது நீண்டதொரு கூடம். அதன் தரையில் வரிசையாக மரப்பெட்டிகளும் சாய்வு மேசைகளும் இருக்கும். ஒரு பெட்டி இருக்கும் இடமே ஒரு கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிமுறையில் பலர் அங்கே பணியாற்றினர். பகலில் கணக்கு எழுதிய தரையிலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தனர். பொதுவாக மூன்றாண்டுக் காலம் ஒரு தவணை. அது முடிந்தபின்பே ஊர் திரும்புவர். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருந்தனர்.

பெட்டியளவு இடத்தில் ஆண்டுக்கணக்காக அடங்கி வாழ்ந்து ஈட்டிய பொருளைக் கொண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டை அவர்கள் ஊரில் எழுப்பினர். சம்பாதித்த ஊரில் சிக்கனமும் பிறந்த ஊரில் தாராளமும் என்ற இந்தப் பிரிவினை செட்டிநாட்டு வீட்டின் வரலாற்றுக்கு அடிப்படையாகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவ்வாறு வீடுகள் எழுந்தன.

முகப்பு முதல் பின்கட்டு வரை

இவ்வீடுகளின் அமைப்பு எளிதில் விளங்குவது. முன்னே முகப்பும் திண்ணையும். அதனைக் கடந்தால் வேலைப்பாடமைந்த தேக்கு நிலையும் கதவும். உள்ளே வளவு என்று வழங்கும் பகுதி. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். அதற்குப் பின் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, தோட்டம். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் அமைந்து, பின்வாசல் வரை கண்ணுக்குத் தெரியும். காற்றும் அவ்வழியே ஊடுருவிச் செல்லும்.

வளவைச் சுற்றிய அறைகளில் குடும்பத்தின் அமைப்பே எழுதப்பட்டிருக்கிறது. மணமான மகனை வேறு வைத்தல் என்பது நகரத்தாரின் முறை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அவனுக்கு உலை தனி, வரவு செலவு தனி. அவனுக்குரிய அறையில் மனைவி கொண்டுவந்த சீரும் பொருளும் பூட்டி வைக்கப்படும். கூடி வாழ்தலும் தனித்து உண்ணுதலும் என்ற இரண்டையும் பொருத்தி வைத்த வீடு இது.

முற்றத்திற்கும் காரணம் உண்டு. மழை குறைந்த அந்நாட்டில் கூரையில் விழும் நீர் வீணாவதில்லை. நாட்டோடு வேய்ந்த சரிவுகள் நாற்புறமும் முற்றத்தை நோக்கி இறங்குகின்றன. வழிந்து வரும் மழைநீர் அண்டாக்களிற் பிடிக்கப்படும். மிகுந்தது வடிகால் வழியே வெளியேறும். ஊரின் பொதுத் தேவைக்கு மழைநீரைத் தேக்கும் ஊருணிகள் இருந்தன.

எங்கிருந்து எது வந்தது?

இந்த அமைப்பு தமிழ்நாட்டுக்குரியது. இதன்மேல் ஏறிய அணிகளோ உலகின் பல பகுதிகளிலிருந்து வந்தவை. தூணுக்கும் நிலைக்கும் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியப் பளிங்கு. சுவருக்குப் பெல்ஜியக் கண்ணாடி. தாழ்வாரத்திற்கு இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண். ஐரோப்பாவிலிருந்து தொங்கு விளக்குகளும் இனாமல் பாத்திரங்களும் வந்து சேர்ந்தன.

இவற்றுள் பீங்கான் டைலின் கதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர்க்கு அயலானதன்று. உலர்ந்த களிமண் பொடியை அச்சில் இட்டு அழுத்தி டைல் செய்யும் முறை 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. மின்டன் முதலிய தொழிலகங்கள் அம்முறையால் பெருமளவில் டைல்களைச் செய்து உலகெங்கும் அனுப்பின. முதல் உலகப் போரின்போது ஐரோப்பியச் சரக்கு வருவது தடைப்படவே, ஜப்பானியர் அந்தச் சந்தையைப் பிடித்தனர். வாங்குவோர்க்கு ஏற்றபடி ஓவியத்தை மாற்றுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் பாபா சீனர் வீட்டு முகப்புகளை அணி செய்யும் பூவேலை டைல்களில் பல ஜப்பானில் உருவானவை. அதே நாட்டிலிருந்து இந்தியாவிற்குச் சென்றவற்றில் இரவிவர்மாவின் படங்களைத் தழுவிய தெய்வ உருவங்கள் இருந்தன. செட்டிநாட்டு வீடுகளிலும் ஜப்பானிய டைல்கள் பதிக்கப்பட்டன. சிங்கப்பூரின் கூன் செங் ரோட்டுக்கும் காரைக்குடிக்கும் இடையே இப்படியோர் உறவு உண்டு.

இத்தனை நாட்டுப் பொருள்களும் ஒரு வீட்டில் கூடும்போது அது பொருட்காட்சிச்சாலை ஆகிவிடாமல் காத்தது எது? பொருளுக்கு இடம் வகுத்த ஒழுங்கே காத்தது. பளிங்கும் கண்ணாடியும் தொங்கு விளக்கும் விருந்தினர் வந்தமரும் முன்கட்டோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. வளவில் தேக்கும் கல்லும் ஆட்சி செய்தன. அடுப்படிப் பக்கம் சென்றால் ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் வெறுஞ்சுவருமே காணப்படும். உள்ளே போகப் போக அலங்காரம் குறைந்து, உழைப்பு மிகும். முகப்பின் மேலே கஜலட்சுமியின் சுதையுருவத்திற்கு அருகில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்பதுண்டு. எனினும் நிலைவாசலுக்கு மேலே திருமகளின் இடத்தை அவன் பிடித்துக்கொள்ளவில்லை.

உள்ளூர்க் கைத்திறன்

வெளிநாட்டுப் பொருள்களைப் பற்றியே பலரும் வியந்து பேசுவதால் உள்ளூர்த் தொழிலாளரின் திறம் மறைந்துபோகிறது. செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பு அவர்கள் கையால் வந்தது. சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துப் பலமுறை பூசுவர். மேற்பூச்சுக்கு நன்றாக வடித்தெடுத்த சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவைச் சேர்த்து இழைத்துப் பளபளப்பேற்றுவர். இவ்வாறு பூசிய சுவர், வெயிற்காலத்திலும் தொட்டாற் குளிர்ந்திருக்கும். தலைமுறைகள் கடந்தும் வெள்ளையடிக்காமலே மெருகு குன்றாத சுவர்கள் உண்டு.

தரையிலும் இதே கதைதான். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டைல் செய்யும் தொழில் வேரூன்றியது. இதற்குச் சூளை வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவேலை அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமிட்டிக் குழம்பைக் கையால் ஊற்றுவர். பிறகு அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமிட்டியும் கலந்த உலர்பொடியைத் தூவி, அதன்மேல் சாந்தை இட்டு நிரவுவர். சில நாள் நீரில் ஊறி உலர்ந்தபின் கண்ணாடி தானே கழன்றுவிடும். கண்ணாடியின் வழவழப்பு முழுவதும் டைலின் முகத்தில் பதிந்திருக்கும். நடக்க நடக்கவும் துடைக்கத் துடைக்கவும் மெருகு ஏறுவது இதன் இயல்பு.

கப்பல் நின்ற காலம்

வீட்டின் அழகைக் கூறும் வரலாறு, அதற்கான செல்வம் வந்த வழியையும் கூற வேண்டும். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றுப் படுகை பேரளவில் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவனுக்குக் கடன் தேவைப்பட்டது. அதனைக் கொடுத்தவர்களில் நகரத்தார் முதன்மையானவர். 1930-இல் உலக மந்தத்தால் அரிசி விலை சரிந்தது. உழவனால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டிமார் நிலம், 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. பணம் திரும்பும் என்று எண்ணியவருக்கு விற்க முடியாத நிலம் கிடைத்தது; நிலத்தை இழந்தவருக்கோ ஆறாத மனக்கசப்பு எஞ்சியது. தேக்கு வந்த நாட்டிலேயே அந்தக் கசப்பும் விளைந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1937-இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிந்தது. 1942-இல் ஜப்பானியர் படை புகுந்தபோது இந்தியர் பல்லாயிரவர் நடந்தே தாயகம் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது; 1962-இல் இராணுவ ஆட்சி வந்தபின் வாணிக நிறுவனங்களும் பறிபோயின. மாளிகைகளுக்குச் செல்வம் ஊட்டிய பெரிய ஊற்று இவ்வாறு அடைபட்டது. பளிங்குக் கப்பல் நின்றது. ஆத்தங்குடிப் பட்டறை நிற்கவில்லை. அண்டை மண்ணையும் கைத்திறனையும் நம்பியிருந்த தொழில் இன்றும் நடைபெறுகிறது.

பங்கும் பழம்பொருளும்

வருமானம் குறைந்தது ஓர் இடர். வீட்டின் அமைப்புக்குள்ளேயே மற்றோர் இடரும் இருந்தது. ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்ற முறை, ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு என்பதையும் உட்கொண்டது. ஒருவருக்கு மூன்று மகன்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மகன்கள் என்று கணக்கிட்டால், மூன்றாம் தலைமுறையில் பங்காளிகள் 9 பேர். அவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலுமாகப் பிரிந்திருந்தால் ஓடு மாற்றுவதற்குக் கூட ஒருமித்த முடிவு காண்பது அரிது. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்க ஆளில்லாத வீட்டில், தேக்கின் விலையை அறிந்த வியாபாரிக்கு எளிதில் வழி கிடைத்துவிடுகிறது. தூணும் நிலையும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து தொலைநகரங்களின் விடுதிகளுக்கும் பெருவீடுகளுக்கும் செல்கின்றன.

இதற்கு மாறான முயற்சிகளும் இல்லாமலில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடொன்று பெயர்த்தெடுத்து நிறுவப்பட்டுள்ளது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் பயணியர் விடுதிகளாகப் புத்துயிர் பெற்றுள்ளன. பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில, கல்யாணத்திற்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் ஆண்டில் சில நாள் மட்டும் திறக்கப்படுகின்றன. அந்தச் சில நாளுக்காகவேனும் பங்காளிகள் கூடுவதால்தான் அவ்வீடுகளின் கூரை இன்னும் விழாமலிருக்கிறது.

செட்டிநாட்டுப் பாணியில் வீட்டை அணி செய்யும் விருப்பம் இந்நாளில் பரவி வருகிறது. பழைய தூணொன்றை விலைக்கு வாங்கிக் கூடத்தின் நடுவே நிறுத்தினால் அது பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அந்தத் தூண் தாங்குவதற்கு அங்கே கூரையில்லை. அது பிரிந்து வந்த வீட்டிலோ கூரைக்குத் தூணில்லை. அப்பாணியை உண்மையாகவே விரும்புவோர் தொடங்கவேண்டிய இடம் வேறு. வாசலுக்கு நேர் வாசல் வைத்துக் காற்றுக்கு வழிவிடலாம். சிறியதாயினும் ஒரு முற்றம் திறந்து வெளிச்சத்தையும் மழையையும் உள்ளே அழைக்கலாம். ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கப்படும் டைலைத் தரையிற் பதிக்கலாம். இவை எந்தப் பழைய வீட்டையும் குலைக்காமல் கிடைப்பவை. நூறாண்டுக்கு முன் வீடு கட்டிய நகரத்தாரும் காற்றுக்கும் மழைக்கும் உறவுக்கும் முதலில் இடம் வகுத்தார்கள். கண்ணாடி மாட்டுவதற்குச் சுவர் அதன் பின்னரே எழுந்தது.