நிலாவில் ஒரு வெள்ளைப் புள்ளி

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், டுல்சா நகரம். அங்கே லியான் ஸ்டூவர்ட் என்று ஒரு டாக்டர். அவருக்குத் தொழில் வைத்தியம். பைத்தியமோ வானத்தின் மேல். எட்டு அங்குல டெலஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி நிலாவைப் படம் பிடிப்பார்.

கிரீன்விச் கணக்குப்படி 1953 நவம்பர் 15. வானத்தில் அரை நிலா. டாக்டர் எடுத்த படத்தில், நிலாவின் நட்டநடுவே, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டிப் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி! அந்த இடத்தில் அப்படி எதுவும் இருக்கக் கூடாது.

தூசு? கழுவும்போது விழுந்த கறை? படத்தை மட்டும் காட்டியிருந்தால் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால், மனுஷர் கண்ணாலும் பார்த்திருந்தார். எட்டு விநாடிபோல இருந்து மறைந்ததாம். 'விண்கல் ஒன்று நிலாவில் மோதிவிட்டது. பாறை ஆவியாகிக் கிளம்பிய நெருப்புப் பந்துதான் இது' என்பது அவர் கட்சி. 'தி ஸ்ட்ரோலிங் அஸ்ட்ரானமர்' என்ற பத்திரிகையில் 1956-ல் படம் வெளியானது.

பெரிய விஞ்ஞானிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். பூமியின் காற்று மண்டலத்தில் எரிந்த சாதாரண எரிநட்சத்திரம், அவ்வளவுதான் என்றார்கள். எரிநட்சத்திரம் கோடாகத்தானே தெரியும்? குறுக்கே போனால் கோடு. உங்கள் மூக்குக்கு நேரே வந்தால்? தண்டவாளத்தில் எதிரே வரும் எஞ்சின் விளக்கு மாதிரி, நின்ற இடத்தில் நிற்கிற புள்ளி!

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. எரிநட்சத்திரம் மின்னுவது நம் தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டரில். அடுத்த ஊரிலிருந்து பார்த்தால் அது நிலாவை விட்டு எங்கோ தள்ளித் தெரியும். நிஜமாகவே நிலாவில் நடந்த சமாசாரம் என்றால், எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் தெரியும். ஸ்டூவர்ட்டின் துரதிர்ஷ்டம், இன்னொரு ஊரில் இன்னொரு படம் இல்லை. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், ஒற்றைக் கையெழுத்து வவுச்சர். ஆடிட்டர் பாஸ் பண்ண மாட்டார்.

ஐம்பது வருஷம் ஃபைல் தூங்கியது. 2003-ல் நாசாவின் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த பானி புராட்டி, பொமோனா கல்லூரியின் லேன் ஜான்சன் இருவரும் தூசு தட்டினார்கள். படத்தின் பிரகாசத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், வந்த கல் சுமார் 20 மீட்டர், வெடித்த சக்தி ஹிரோஷிமா குண்டைப்போல 35 மடங்கு, விழுந்த பள்ளம் ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் இருக்க வேண்டும். 1994-ல் நிலாவைச் சுற்றிய க்ளெமென்டைன் விண்கலத்தின் படங்களைப் புரட்டினார்கள். அட! ஒன்றரை கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம், புதிதாகக் கிளறிய மண்ணுக்கே உரிய நீலச் சாயலோடு. பேப்பர்களில் செய்தி பறந்தது. டாக்டர் ஜெயித்துவிட்டார்!

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஜான் வெஸ்ட்ஃபால் என்ற நிலா ஆய்வாளர் பழைய படங்களைத் துழாவினார். மவுண்ட் வில்சன் மலையின் நூறு அங்குல டெலஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் அதே பள்ளம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்த வருஷம்? 1919!

சம்பவத்துக்கு 34 வருஷம் முன்பே இருந்த பள்ளத்தை, சம்பவத்தின் கணக்கில் எழுத முடியுமா?

பள்ளம் போனதே தவிர, புள்ளி போகவில்லை. நிலாவில் கல் விழுந்தால் மின்னும் என்பது இன்று சந்தேகமில்லாத விஷயம். 1999 நவம்பரில் லியோனிட் எரிகற்கள் பொழிந்தபோது நிலாவின் இருண்ட பகுதியில் தெரிந்த மின்னல்களைச் சிலர் வீடியோவில் பிடித்தார்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து. 2013 மார்ச் 17-ல் மின்னிய இடத்தில் 18 மீட்டர் பள்ளத்தை நாசாவின் விண்கலம் அடையாளம் கண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் ஸ்பெயினில் இரண்டு டெலஸ்கோப்புகள் ஒரே மின்னலைப் பதிவு செய்தன. கல்லின் எடை சுமார் 400 கிலோ என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலான மின்னல்கள் ஒரு விநாடிகூடத் தாங்காது. இதன் ஒளி அணைய எட்டு விநாடி ஆனது.

ஸ்டூவர்ட் சொன்ன அதே எட்டு! ஆனால் அவருடைய புள்ளி இதைவிடப் பல மடங்கு பிரகாசம். அத்தனை பெரிய அடி விழுந்திருந்தால் தழும்பு இருந்தாக வேண்டும். அவர் படத்துக்குப் பொருந்துகிற பள்ளம் என்று உறுதியாக எதையும் யாரும் காட்டவில்லை.