தக்கலை: கொட்டாரத்துக்கு வெளியே ஒரு சரித்திரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது தக்கலை. பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: 'பத்மநாபபுரம் அரண்மனைக்கு எப்படிப் போகணும்?' எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் கொட்டாரம். சின்ன வயசில் என்னை அங்கே கூட்டிப்போன பாட்டா உள்ளே வரவில்லை. கோட்டைச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "லே மக்கா, ராஜா கட்டுனாரு, ராஜா கட்டுனாருன்னு சொல்லுகானுவ. ராஜா எப்பம்லே கல்லு சொமந்தாரு?"

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. பாட்டாவின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரைப் பார்க்கிறேன்.

முதலில் நிலம். கிழக்கே வேளிமலை. அங்கே பிறக்கிற வள்ளியாறு கடியப்பட்டணத்தில் கடல் சேர்கிறது. மேடெல்லாம் செம்மண், பள்ளமெல்லாம் வயல். மேட்டுக்குப் பேர் விளை. தென்னையும் மரச்சீனியும் அங்கே. பள்ளத்து நெல்வயல் ஏலா. ஒன்றும் விளையாத பாறைமேடு பொற்றை. விளையும் ஏலாவும் யார் கையில் இருந்தன, பொற்றையிலும் குளத்தங்கரையிலும் குடில் போட்டவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். சாதியின் வரைபடம் தன்னால் விரியும். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. கால்வாயில் தண்ணீர் வந்தது. ஆனால் தண்ணீர் நிலம் உள்ளவனுக்குத்தானே? சேற்றில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது கூலி நெல் மட்டும்.

இனி கொட்டாரம். பழைய பேர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். ஊரும் பத்மநாபபுரம் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இதுவே தலைநகர். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததும், பிடிபட்ட டிலனாய் பிறகு ராஜாவின் படைத்தலைவரானதும், உதயகிரிக் கோட்டையில் அடக்கமானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அங்குள்ள ஊட்டுப்புரை. ஒரே நேரத்தில் ஆயிரம் பிராமணர் ஒரு தளத்தில் இருந்து உண்ணலாம். அப்படி இரண்டு தளம். அந்தச் சோற்றுக்கான நெல்லை விளைவித்த கை எது? விளைவித்தவர்களுக்குக் கோட்டை வாசல் பக்கம்கூட வர அனுமதி இல்லை. பிராமணனுக்குத் தொண்ணூற்றாறு அடி தள்ளி நிற்கவேண்டும் என்பது புலையர்களுக்கு விதித்த கணக்கு.

இதே தக்கலையில்தான் ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிறது. தறி நெய்து பிழைத்தவர் என்று சொல்வார்கள். ஊட்டுப்புரையும் தறியும் ஒரே ஊரில் இருந்தன. ஆனால் சுற்றுலாப் பலகை ஒன்றைத்தானே காட்டுகிறது!

எங்கள் ஆட்கள் கூலிக்காரர்கள் மட்டுமில்லை, அடிமைகள். இது அலங்காரப் பேச்சு அல்ல. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள் தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவர்! 1812இல் ராணி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடுத்தபோதும் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. எங்களவர்கள் பெரும்பாலும் நிலத்தோடு சேர்ந்தவர்கள்தான். 1855இல்தான் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது.

பேச்சில் ஒழிந்ததா? 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்'. தின்பது சோறு அல்ல, கரிக்காடி. பெற்றது பிள்ளை அல்ல, கன்று. பாட்டி உயிரோடு இருந்த காலம்வரை களத்து உடமஸ்தனிடம் 'நான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் குரலே வேற. "எனக்க பிள்ளைய எவன்லே கண்ணுன்னு சொன்னது?" என்று ஒருநாள் அடுப்படியில் இருந்து சத்தம் போட்டது இன்னும் காதில் கிடக்கிறது.

தக்கலைக்கு அடுத்த திருவிதாங்கோட்டில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. கொல்லம் 871, அதாவது கி.பி. 1696. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்ற வழக்கங்களைத் தடை செய்யும் ஆணை. குறிப்பிட்ட மாதத்தில், இரவு நேரத்தில், தனியாக வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையனோ மண்ணானோ தொட்டுவிட்டால், கல் எறிந்து பட்டுவிட்டால், அவளுக்குச் சாதி போயிற்று. அவனோடு போக வேண்டியதுதான். இதைப் புலையர்களின் அக்கிரமம் என்றே மேல்சாதிச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்தார்கள். நான் கேட்கிறேன்: ஒரு கல் பட்டால் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்துகிற சட்டத்தைப் போட்டது யார்? புலையனா? அவளைத் துரத்தியது அவள் தறவாடு. சோறு போட்டது புலையனின் குடில். தடை வந்தபோதும் தண்டனை யாருக்கு? மேல்சாதிப் பெண் குளித்தால் தீட்டுப் போயிற்று. மீறிய சாதிக்கோ வயிற்றுப் பிள்ளை உட்பட அழிவு. பேடி என்றால் பயம். யாருக்கு யாரிடம் பயம் என்பதை எங்கள் பக்கமிருந்து யாரும் இதுவரை முழுதாக எழுதவில்லை.

தோள்சீலைக் கலகத்துக்கும் இந்தத் தாலுகா சாட்சி. 1822இல் கல்குளம், இரணியல் பகுதியில் மேலாடை அணிந்த பெண்களைத் தாக்கினார்கள்; அடுத்த ஆண்டு பத்மநாபபுரம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. சண்டை ஓயவில்லை. 1859 ஜூலை 26ஆம் தேதி அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அது பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் புலைச்சியும் பறைச்சியும் அந்த அறிவிப்பில் எங்கே?

வேதக்காரர்கள் வந்ததையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபை தொடங்கியது வெள்ளைக்காரனால் அல்ல. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவரால். அவர் 1799இல் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தது 1806இல். தக்கலைக்குப் பக்கத்தில் நெய்யூரில் பணிசெய்த மீட் ஐயர் 1850களின் தொடக்கத்தில் பறையர் குலப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். சக மிஷனரிகளாலேயே பொறுக்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டுப் போகவேண்டி வந்தது. சபைக்குள்ளும் சாதி எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதற்கு இது போதாதா?

பிறகு 1936 நவம்பர் 12, ஆலயப் பிரவேசம். 1956 நவம்பர் 1, தமிழ்நாட்டோடு இணைப்பு. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. கொட்டாரம் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. நாங்கள் எந்தக் கணக்கில்? 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவன் ஆனால் அட்டவணைச் சாதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். அண்ணன் தம்பி இரண்டு பேரில், கோயிலுக்குப் போகிறவன் எஸ்.சி., சர்ச்சுக்குப் போகிறவன் பி.சி. ஆனால் இரண்டு பேருக்கும் பொற்றையில்தானே வீடு? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை எடுக்கச் சொன்னது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். அடிமையாக இருந்தபோது எந்த மதம் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. உரிமை என்று வந்தால் மட்டும் கேட்கிறார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டாரத்தைப் பார்க்க வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சுவருக்கு வெளியேயும் வாருங்கள். பொற்றைமேல் இன்னும் சில பாட்டிமார் இருக்கிறார்கள். எந்த ஏலாவில் யார் நட்டார்கள், எந்தக் குளத்தை யார் வெட்டினார்கள், என்ன கூலி என்று அவர்களுக்குத் தெரியும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள். என் பாட்டியிடம் நான் கேட்காமல் விட்டது நிறைய.