அறுவை அரங்கில் கதிர்வீச்சு: இரைப்பைப் புற்றுநோய் மருத்துவத்தில் கியோட்டோ ஆய்வுகளும் அவற்றின் மறுசோதனையும்

இரைப்பைப் புற்றுநோயை அறுத்தெடுத்த பின்னரும் எஞ்சிய நுண்ணிய புற்றணுக்களால் அந்நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவதுண்டு. வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சின் அளவைக் குடல், கல்லீரல், சிறுநீரகம், தண்டுவடம் ஆகியவற்றின் தாங்குதிறன் கட்டுப்படுத்துகிறது. வயிறு திறந்திருக்கும்போதே குடலை விலக்கிவிட்டுக் கதிரைச் செலுத்தும் எண்ணம் இங்கிருந்தே பிறந்தது.

கார்ல் பெக் 1909ஆம் ஆண்டிலேயே, அகற்ற இயலாத கட்டியை அறுவைப் புண்ணின் வாய்க்கு இழுத்துத் தைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். அக்காலக் கதிரின் ஊடுருவும் ஆற்றல் மிகக் குறைவு, முயற்சி தொடரவில்லை.

1964இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிட்சுயுகி அபே இதற்குப் புத்துயிர் அளித்தார். பீட்டாட்ரான் கருவி தந்த எலக்ட்ரான் கற்றை அவர் முறைக்கு வலுவூட்டியது. எலக்ட்ரான்கள் ஆற்றலுக்கேற்ற ஆழம்வரை சென்றபின் விரைந்து வலுவிழப்பதால், பின்னுள்ள தண்டுவடம் பெரிதும் காக்கப்படுகிறது. இரைப்பையை அகற்றியபின், செலியாக் தமனியைச் சூழ்ந்த நிணநீர்ப் பகுதிக்கு ஏறத்தாழ 30 கிரே ஒரே தவணையில் தரப்பட்டது. பல வாரங்களுக்குப் பகிர்ந்து தரும் இதே அளவைவிட இதன் உயிரியல் விளைவு மிகக் கடுமையானது.

1981இல் அபேயும் தக்காஹாஷியும் வெளியிட்ட ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதங்கள் கவனத்தை ஈர்த்தன. இரண்டாம் நிலை நோயில் அறுவை மட்டும் பெற்றோருக்கு ஏறத்தாழ 62 விழுக்காடு, கதிர்வீச்சும் பெற்றோருக்கு 84. மூன்றாம் நிலையில் முறையே 37, 62. முதல் நிலையில் மட்டும் பயன் காணப்படவில்லை. ஆனால் நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த நாளைக் கொண்டே இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எவர் எக்குழுவில் சேர்வார் என்பதை முன்கூட்டியே அறியக்கூடிய இம்முறை சமவாய்ப்புப் பகிர்வாகாது. எனவே இவ்வெண்களை மெய்ப்பிக்கப்பட்ட பயனாக அன்றி, வலுவான கருதுகோளாகவே கொள்ளுதல் தகும்.

சமவாய்ப்பு முறையில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவுகளைச் சிண்டெலர் குழுவினர் 1993இல் வெளியிட்டனர். கட்டி அகற்றப்பட்ட 41 பேரில், அறுவையின்போது கதிர்வீச்சு பெற்றோருள் 44 விழுக்காட்டினருக்கும் ஒப்பீட்டுக் குழுவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அதே வட்டாரத்தில் மீண்டது. உயிர்வாழ்வுக் காலத்திலோ புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சோதனை சிறிது என்பது உண்மையே. எனினும் கற்றை படும் இடத்தில் மட்டுமே இம்மருத்துவம் செயற்படும். வயிற்று உள்ளுறையிலும் கல்லீரலிலும் ஏற்கெனவே பரவிவிட்ட புற்றணுக்களை அது எட்டுவதில்லை.