சால்ட் வரிக்கழிவு

அமெரிக்காவில் ஒருவர் தம் மாநிலத்துக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கட்டிய வரியை, கூட்டாட்சி அரசுக்கு வருமான வரி கணக்கிடும்போது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கும் சலுகை சால்ட் வரிக்கழிவு எனப்படுகிறது. ‘மாநில, உள்ளாட்சி வரி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து, உப்பைக் குறிக்கும் சொல்லாக அமைந்ததால் வந்த பெயர் இது. வீடு, நிலத்துக்கான சொத்து வரியையும் சில மாநிலங்கள் கார் போன்ற உடைமைகளுக்கு ஆண்டுதோறும் விதிக்கும் வரியையும் கழிக்கலாம். மாநில வருமான வரி, விற்பனை வரி இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டுமே கழிக்க முடியும். 2018 முதல் இந்தக் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு.

யாருக்கு, எவ்வளவு

வருமான வரி கட்டுபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. அரசு நிர்ணயித்த நிலையான கழிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அல்லது வீட்டுக்கடன் வட்டி, நன்கொடை, மாநில வரி என ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிக்கலாம். சால்ட் கழிவு பட்டியலிடுவோருக்கு மட்டுமே கிடைக்கும். பட்டியலுக்கான படிவத்தின் பெயர் ஷெட்யூல் ஏ. அதில் 5ஏ என்ற இடத்தில் மாநில வருமான வரியை எழுத வேண்டும். அதற்குப் பதிலாக விற்பனை வரியைக் கழிக்க விரும்புவோர் அங்குள்ள சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். ஆண்டு முழுவதும் கடைச் சீட்டுகளைச் சேர்த்துவைத்துக் கூட்டிப் பார்க்கும் பொறுமை பலருக்கு இருக்காது. அதனால் மாநிலம், வருமானம், குடும்ப அளவு ஆகியவற்றைக் கொண்டு வருமான வரித்துறையே ஓர் அட்டவணை வெளியிடுகிறது. கார், படகு வாங்கியிருந்தால் அதற்குக் கட்டிய விற்பனை வரியை அட்டவணைத் தொகையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கழிவின் பயன் எல்லாருக்கும் ஒன்றல்ல. 1,000 டாலர் மாநில வரியைக் கழித்தால், 35 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு 350 டாலர் மிச்சம். 12 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு 120 டாலர். நிலையான கழிவை எடுத்துக்கொண்டவருக்கு ஒன்றுமில்லை.

வரலாறு

உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862-இல் வந்த வருமான வரிச் சட்டத்திலேயே மாநில, உள்ளாட்சி வரிகளுக்குக் கழிவு இருந்தது. அந்த வரி 1872-இல் காலாவதியானது. 16-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 1913-இல் வருமான வரி மீண்டும் வந்தபோது கழிவும் கூடவே வந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டம், கழிக்கத்தக்க வரிகள் எவை என்று பெயர் சொல்லி வரையறுத்தது. மது, சிகரெட் போன்றவற்றின் மீதான வரிகள் பட்டியலுக்கு வெளியே நின்றன. பெட்ரோல் வரிக்கான கழிவு 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று.

1985-இல் அதிபர் ரொனால்ட் ரீகன் இந்தக் கழிவை முழுதாகவே நீக்கிவிட முன்மொழிந்தார். வரி அதிகமுள்ள நியூயார்க்கின் ஆளுநர் மரியோ குவோமோ அதைக் கடுமையாக எதிர்த்தார். முடிவில் 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் விற்பனை வரிக் கழிவை மட்டும் நீக்கி, வருமான வரிக்கும் சொத்து வரிக்குமான கழிவுகளைத் தொடாமல் விட்டது.

ஆற்றின் இரு கரைகள்

அந்தச் சமரசம் புதியதொரு மனக்குறையைத் தோற்றுவித்தது. கொலம்பியா ஆற்றின் தென்கரையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட், வடகரையில் வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. வருமான வரி 9.9 விழுக்காடு வரை செல்லும். வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு வரி கிடையாது. கஜானா பெரிதும் விற்பனை வரியை நம்பியிருக்கிறது. பாலத்தைக் கடந்து தென்கரையில் சாமான் வாங்குவது வடகரைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இரு கரையிலும் பள்ளியும் சாலையும் மக்கள் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தென்கரைக்காரர் தம் மாநிலத்துக்குக் கட்டிய முதன்மை வரியைக் கழித்துக்கொண்டார், வடகரைக்காரரால் முடியவில்லை.

டெக்சாஸ், ஃபுளோரிடா, டென்னசி மாநிலங்களிலும் இதே புகார் எழுந்தது. டெக்சாஸ் செனட்டர் கே பெய்லி ஹட்சிசன் உள்ளிட்டோர் முயன்றதில், வருமான வரி, விற்பனை வரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கழிக்கும் உரிமை 2004-இல் தற்காலிகமாக வழங்கப்பட்டது. பலமுறை நீட்டிக்கப்பட்ட பிறகு 2015 டிசம்பரில் அது நிரந்தரமானது.

மாநிலங்களுக்கு இடையே சமன் ஏற்பட்டது. மக்களுக்கு இடையே ஏற்படவில்லை. வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டிய ஏழைக் குடும்பத்தின் மீதுதான் விற்பனை வரியின் சுமை விகிதப்படி அதிகம். அந்தக் குடும்பம் பெரும்பாலும் நிலையான கழிவை எடுப்பதால், கட்டிய விற்பனை வரிக்கு அதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை.

நியாயம் குறித்த வாதங்கள்

கழிவை ஆதரிப்போரின் முதல் வாதம் இரட்டை வரி. மாநிலம் கட்டாயமாக எடுத்துக்கொண்ட பணம் ஒருவர் கைக்கு வந்த வருமானமே அல்ல. அதற்கும் வரி போடுவது வரிக்கு வரி என்கிறார்கள். அலபாமா மாநிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது: கூட்டாட்சிக்குக் கட்டிய வருமான வரியை மாநில வரிக் கணக்கில் கழிக்க விடுகிறது. மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமைக்குக் கூட்டாட்சி இடம்விட வேண்டும் என்பது இரண்டாவது வாதம். நியூயார்க் போன்ற மாநிலங்கள் கூட்டாட்சி அரசுக்குக் கொடுப்பது அதிகம், திரும்பப் பெறுவது குறைவு என்பது மூன்றாவது. அம்மாநில செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் இதற்கான கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தார்.

எதிர்ப்போர் மாநில வரியை ஒரு விலையாகப் பார்க்கிறார்கள். நல்ல பள்ளி, பூங்கா, காவல் ஆகியவற்றுக்காக ஒரு வளமான புறநகர் கூடுதல் சொத்து வரி கட்டுகிறது என்றால், அதன் பயனை அனுபவிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அதில் ஒரு பங்கை வேறு மாநிலத்தின் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பயன் மேல்தட்டில் குவிவதையும் சுட்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுக்கு உச்சவரம்பை நீக்கினால் கிடைக்கும் பயனில் பாதிக்கு மேல், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கே போகும் என்று நாடாளுமன்றத்தின் வரிவிதிப்புக் கூட்டுக்குழு மதிப்பிட்டது.

2017-ஆம் ஆண்டு உச்சவரம்பு

2017 டிசம்பரில் இயற்றப்பட்ட வரிச் சட்டம், 2018 முதல் 2025 வரை கழிவை 10,000 டாலருக்குள் நிறுத்தியது. தனியாள் ஆனாலும் தம்பதி ஆனாலும் வரம்பு ஒன்றே. ஆகவே மணமாகாமல் சேர்ந்து வாழும் இருவர் ஆளுக்கு 10,000 கழிக்க, மணமானவர்கள் இருவருமாகச் சேர்ந்து அதே தொகையைத்தான் கழிக்க முடிந்தது. அதே சட்டம் தம்பதியருக்கான நிலையான கழிவை 24,000 டாலராக உயர்த்தியது. ஒரு குடும்பம் மாநில வருமான வரியாக 8,000, சொத்து வரியாக 9,000, வீட்டுக்கடன் வட்டியாக 10,000 டாலர் கட்டுவதாகக் கொள்வோம். 2017-இல் மொத்தம் 27,000 டாலரைப் பட்டியலிட்டுக் கழித்திருக்கலாம். அடுத்த ஆண்டு வரி 10,000, வட்டி 10,000 என 20,000-தான் தேறும். நிலையான கழிவே மேல். முன்பு ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் பட்டியலிட்டார்கள். இப்படிப் பலர் விலகியதில் அது 10 விழுக்காட்டுக்குச் சரிந்தது.

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக்கான சராசரி சொத்து வரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. அங்கே சொத்து வரி மட்டுமே வரம்பை விழுங்கிவிட, வருமான வரிக்கு இடமே இல்லாமல் போனது.

நியூயார்க், கனெக்டிகட், மேரிலாண்ட், நியூ ஜெர்சி ஆகிய நான்கு மாநிலங்கள் உச்சவரம்பை எதிர்த்து 2018-இல் வழக்குத் தொடுத்தன. அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்தவர் மரியோ குவோமோவின் மகன் ஆண்ட்ரூ குவோமோ. கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. 2022-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. 2021-இல் வரம்பை 80,000 டாலராக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டில் முடங்கியது. பொதுவாகப் பணக்காரர் மீது வரி கூட்டச் சொல்லும் ஜனநாயகக் கட்சியில் பலர் வரம்பைத் தளர்த்தக் கேட்டார்கள். வரிக்குறைப்பைப் பேசும் குடியரசுக் கட்சியில் பலர் வரம்பைக் காத்தார்கள். கட்சியைவிடத் தொகுதி வலுவாக நின்ற விவகாரம் இது.

பக்கவழிகள்

வரிக்குப் பதிலாக மாநில அறக்கட்டளைக்கு ‘நன்கொடை’ பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக மாநில வரியைக் குறைக்கும் திட்டங்களைச் சில மாநிலங்கள் வகுத்தன. வருமான வரித்துறை 2019-இல் அந்த வழியை அடைத்தது. நிலைத்தது வேறொரு வழி. கூட்டாண்மை நிறுவனங்களின் லாபத்துக்கான மாநில வரியைக் கூட்டாளிகளிடம் வாங்காமல் நிறுவனத்திடமே வாங்கினால், அது தொழில் செலவாகிவிடும், வரம்பு பொருந்தாது. கனெக்டிகட் 2018-இல் இதைத் தொடங்கியது, 2020-இல் வருமான வரித்துறை ஒப்புக்கொண்டது, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்பற்றின. ஒரே அலுவலகத்தில் பங்குதாரரான வழக்கறிஞர் தம் லாபத்துக்கான மாநில வரியை முழுதாகக் கழிக்க, அங்கே மாதச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் வரம்புக்குள் நிற்கிறார்.

இப்போதைய நிலை

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் வரம்பை அந்த ஆண்டுக்கு 40,000 டாலராக உயர்த்தியது. 2029 வரை ஆண்டுக்கு ஒரு விழுக்காடு கூடும். வருமானம் 5 லட்சம் டாலரைத் (2025 நிலவரம்) தாண்டினால், தாண்டிய தொகையில் 30 விழுக்காடு வரம்பிலிருந்து குறையும்; ஆனாலும் 10,000-க்குக் கீழே போகாது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் 6 லட்சம் டாலர் ஈட்டுபவர் பழைய 10,000-க்கே திரும்பிவிடுகிறார். தம்பதிக்கும் தனியாளுக்கும் ஒரே வரம்பு என்பது மாறவில்லை. கூட்டாண்மை நிறுவனங்களின் பக்கவழியையும் சட்டம் தொடவில்லை. வேறு திருத்தம் வராவிட்டால் 2030-இல் எல்லாருக்கும் வரம்பு மீண்டும் 10,000 டாலராகும்.