விடையைப் பார்க்காமல் போட்ட கணக்கு

1964 ஜூன் 16. ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம். கவாகிஷி-சோ குடியிருப்பில் நான்கு மாடிக் கட்டடங்கள் நொறுங்கவில்லை, முழுசாகவே சாய்ந்தன. ஒன்று படுத்தே விட்டது. சுவரில் குறையில்லை. காலை வாரியது அடியிலிருந்த மணல்.

எப்படி? படியில் அரிசியை அளந்து தட்டிப் பாருங்கள், இறுகி அமரும். நீரூறிய தளர்ந்த மணலும் குலுங்கும்போது அப்படித்தான் அமரப் பார்க்கும். ஆனால் இடுக்கிலுள்ள நீர் உடனே வெளியேற முடியாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதன் அழுத்தம் ஏறும். கடைசியில் மணலுக்குப் பதில் நீரே பாரத்தைச் சுமக்கும். நிலம் கூழாகிவிடும்.

பெர்க்லியில் சீடும் லீயும் மணல் மாதிரிகளை மாறி மாறி அழுத்திச் சோதித்து, 1966-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு கணினி வந்தது. ஆளுக்கொரு சமன்பாடு வந்தது. நடந்து முடிந்த நிலநடுக்கத்துக்குப் பொருந்தும்படி எண்களைத் திருத்திக்கொள்ளவும் வழியிருந்தது.

இதற்கு 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பெயர் 'வெலாக்ஸ்'. முன்னின்றவர்கள் டேவிஸ் பல்கலைக்கழக அருளானந்தன் (ஆம், தமிழ்ப் பெயர்தான்), கால்டெக்கின் ஸ்காட். வேகமாகச் சுழலும் எந்திரத்தில் எடை கூடுவதால், சிறு பெட்டி மணலும் ஆழமான நிலம்போல நடந்துகொள்ளும். அதைக் குலுக்கும் முன்பே கணிப்பை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சில கணிப்புகள் நெருங்கின. பல விலகிப் போயின.

இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். கடைசிப் பக்க விடையைப் பார்த்துப் போட்ட கணக்குக்கு வகுப்பில் நான் மதிப்பெண் தந்ததே இல்லை. அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் தூங்குவது இந்தக் கணக்கை நம்பித்தான். எங்கே பிசகும் என்பது முன்கூட்டியே தெரிவது அவர்களுக்கு நல்லதுதானே?