சிட்டையில் ஏறாத வட்டி

ஒரு தக்காளிச் சிட்டையை எடுத்துக்கொள்வோம். பெட்டி 20, பெட்டி விலை 150, ஆகத் தொகை 3,000. அதற்குக் கீழே கழிவுகள்: கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 300, இறக்குக் கூலி, பெட்டி வாடகை, வண்டி வாடகை. கடைசியில் ‘முன் பாக்கி வரவு’ என்று ஒரு தொகை. இத்தனையும் போக மிச்சம் இருப்பது காட்டுக்காரரின் மடிக்குப் போகும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து நான் எழுதிய சிட்டைகள் எல்லாம் இந்த அமைப்புதான். தரகைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எல்லாமே அந்த 300 ரூபாயோடு நின்றுவிடுகின்றன. அரசாங்கமும் அப்படித்தான். எண்பது தொண்ணூறு வருடங்களாக வந்த சட்டமும் திட்டமும் கழிவைக் குறைக்கவே பாடுபட்டன. முன் பாக்கி வரவின் பக்கம் யாரும் போகவில்லை. காய்கறி வியாபாரத்தின் சூட்சுமம் இருப்பதோ அங்கே.

எங்கள் பக்கம் முன்பு பழனி தாலுகா. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. மானாவாரிக் காடுகளில் சோளமும் கம்பும் கடலையும் போடுவார்கள். கிணறு உள்ளவர் கமலை கட்டி இறைத்து, வாய்க்கால் ஓரம் நாலு பாத்தி கத்தரியும் மிளகாயும் வைப்பார். அது வாரச் சந்தைக்குப் போகும். தராசு அபூர்வம், கூறு கட்டித்தான் விற்பது. சந்தையை ஏலத்தில் குத்தகை எடுத்தவருக்குத் தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அங்கே தரகருக்கு வேலை இல்லை. விற்கிறவளும் வாங்குகிறவளும் முகம் தெரிந்தவர்கள்.

இதை மாற்றியது கரண்டு. 1930களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தது. கமலை இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. பிறகு வந்த பத்தாண்டுகளில் கம்பி இந்தப் பக்கமும் நீண்டது. 1990 வாக்கில் விவசாயப் பம்புசெட்டுக்கெல்லாம் இலவச மின்சாரம் என்றானபோது, நாலு பாத்தி வைத்தவர் ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி வைக்கத் துணிந்தார். அந்தத் தக்காளியைத் தின்ன மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் காத்திருந்தது. ரப்பரும் தென்னையும் வளர்க்கிற ஊர் தன் சாம்பாருக்கு வேண்டிய காயை நம்மிடம்தான் வாங்கியாக வேண்டும். இன்றைக்கும் ஒட்டன்சத்திரத்தில் ஏலம் முடிகிற காயில் பாதிக்கு மேல் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் என்று லாரி ஏறுகிறது. ஓணத்துக்கு முந்தின வாரம் முருங்கைக்காய் என்ன விலை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு லீவு விடுவதுகூட, ஞாயிற்றுக்கிழமை மலையாளத்தான் கடை திறப்பதில்லை என்பதால்தான்.

வாங்குகிறவர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் நடுவில் ஒருவர் வேண்டும். கமிஷன் கடைகள் அப்படி முளைத்தவை.

சந்தைகளில் நடக்கிற கள்ள எடை, கண்டபடி கழிவு, துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுகிற விலை, இவை பற்றி லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை ராயல் கமிஷனே 1928இல் எழுதிவிட்டது. 1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக வந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். முத்திரை போட்ட தராசு. வியாபாரிகள் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிற மறைமுக ஏலம். விலை பிடிக்கவில்லையா, சரக்கைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பருத்திக்காரருக்கும் கடலைக்காரருக்கும் மஞ்சள்காரருக்கும் இது பெரிய பலம்.

தக்காளியை எந்தக் கிடங்கில் வைப்பது? காலையில் பறித்தது மறுநாள் சாயங்காலம் சாறு விடும். அடகு வைக்க முடியாத பொருளுக்கு அடகுக் கடன் கிடையாது. சட்டத்தின் நிழல் காய்கறிக்காரர் மேல் விழாமல் போனதற்கு, அது அழுகிப்போகிற பொருள் என்பதே முதல் காரணம். 1904இல் திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பின்னால் ஊருக்கு ஊர் வந்தன. 1998இல் கிசான் கிரெடிட் கார்டும் வந்தது. ஆனால் சங்கத்துக்கும் வங்கிக்கும் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உழுகிறவரிடம் அது இல்லை. எங்கள் முதலாளி சிட்டா கேட்டதே இல்லை. நாற்று நடுகிற மாதத்தில் வந்து தலையைச் சொறிந்தால் போதும், கல்லாவைத் திறப்பார்.

சிட்டையில் ‘முன் பாக்கி வரவு’ என்று பிடிப்பது இந்த முன்பணத்தைத்தான். இதற்கு வட்டி கிடையாது. இது நிஜம், என் பேரேட்டில் வட்டிக்கென்று ஒரு பத்தியே இருந்ததில்லை. 15,000 வாங்கினால் 15,000தான் பாக்கி. ஒரே நிபந்தனை, சரக்கு முழுவதும் இந்தக் கடைக்குத்தான் வர வேண்டும்.

வட்டி எங்கே இருந்தது என்பதை ஏலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டிகள் வந்து இறக்க இறக்கக் கடை முன்னால் பெட்டிகள் வரிசையாக ஏறும். பெட்டிக்குப் பதினாலு கிலோ கணக்கு. முதல் குவியலுக்கு ஏலம் கூறும்போது வியாபாரிகளின் லாரி காலியாக இருக்கும். ஒருவரை ஒருவர் முந்துவார்கள். போகப் போக லாரி நிறையும், குரல் இறங்கும். 150க்குப் போன அதே சரக்கு கடைசியில் 130க்குப் போகும். யார் பெட்டி முதலில், யார் பெட்டி கடைசியில் என்பதுதான் விஷயம். கடன் இல்லாத காட்டுக்காரர் விலை சரியில்லை என்றால் நாளைக்கு எதிர்க் கடையில் இறக்கிவிடுவார். அவரைத் தாங்க வேண்டும். பாக்கிக்காரர் எங்கே போவார்? முதலாளி இதை வாய் திறந்து சொன்னதில்லை. ஏலம் கூறுகிறவருக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

கள்ளிமந்தயம் பக்கத்துக்காரர் ஒருவர், பெட்டிகளை இறக்கிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து கேட்பார்: “அண்ணே, இன்னைக்கு நம்முளுது எத்தனாவதுங்க?” மார்க்கெட் நிலவரத்தைக் கேட்க மாட்டார். தன் முறை தெரிந்தாலே அவருக்கு விலை தெரிந்துவிடும். பிறகு டீயைக் குடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். முன்னால் நின்றால் வேகும் என்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பெட்டிக்குப் பெட்டிக்கு 20 ரூபாய் குறைந்தால் 400. சிட்டையில் கண்ணுக்குத் தெரிகிற கமிஷனைவிட அதிகம். ஒரு வெள்ளாமைக்குப் பதினைந்து பறிப்பு என்று வைத்தாலும் 6,000. 15,000 ரூபாய்க்கு நாலு மாதத்தில் 6,000! வெளியே ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தால் 3,000தான் ஆகியிருக்கும்.

அப்படியானால் அவர் ஏன் வெளியே வாங்கவில்லை? இந்தக் கேள்விக்கு, மண்டிக்காரரைத் திட்டி எழுதுகிறவர்களிடம் பதில் இருப்பதில்லை. மழை அடித்துப் பூ கொட்டிவிட்டால் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான். எங்கள் முதலாளி நிற்க மாட்டார்; மறு நடவுக்கு இன்னொரு பத்தாயிரம் கொடுப்பார். விலை பெட்டிக்கு 30 ரூபாய்க்கு விழுந்து, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாமல் காட்டை ஆட்டுக்கு விட்டவர்களிடம் பாக்கி கேட்டு ஆள் அனுப்பியதை நான் பார்த்ததில்லை. அந்த 6,000 வெறும் வட்டி அல்ல. பாதி இன்சூரன்ஸ் பிரீமியம் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். அதிகமான பிரீமியம், ஆனால் அந்தப் பாலிசியை வேறு யாரும் விற்க வரவில்லையே! தவிர, காட்டுக்காரருக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுத்துவிட்டு, கேரள வியாபாரியிடம் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் முதலாளி வசூல் பண்ணுவார். நாலு லோடு கடனுக்கு ஏற்றிக்கொண்டு போய், கடையையே மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த நஷ்டத்தையும் யார் தலையிலாவது ஏற்ற வேண்டும். கடைசிக் குவியலில் இருந்தவர் தலையில் ஏறியது.

இந்த நிலையில்தான் உழவர் சந்தை வந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கருணாநிதி முதல் சந்தையைத் திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987இலேயே அப்னி மண்டி இருந்தது; அதே 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் ரைது பஜார் தொடங்கியிருந்தது. அவற்றைப் பார்த்துச் செய்ததுதான். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, அரசாங்கமே தருகிற தராசு. காய் மூட்டைக்கு லக்கேஜ் வாங்காத பஸ்கூட விட்டார்கள். எங்கள் மார்க்கெட்டில் அன்று ஒரு பதற்றம் இருந்தது உண்மை. கமிஷன் கடைகளுக்குச் சங்கு ஊதிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஊதவில்லை. ஏன் என்பதை ஒரு சந்தைக்குப் போய் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். விடியற்காலையில் வாசலில் விலைப் பலகை எழுதுவார்கள். மொத்த விலைக்கு மேலே சுமார் நூற்றுக்கு இருபது, வெளிச் சில்லறைக் கடைக்குக் கீழே பதினைந்து இருபது என்பது கணக்கு. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். அந்த மொத்த விலையை எங்கிருந்து எடுத்தார்கள்? மண்டியிலிருந்துதான். தராசும் அட்டையும் அவர்களுடையவை, விலைக்கு மட்டும் எங்கள் ஏலத்தைக் கேட்டாக வேண்டும். மண்டியை ஒழிக்க வந்த சந்தை மண்டி விலையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நூறு வியாபாரிகள் கூடிக் கத்துகிற இடத்தில்தான் விலை பிறக்கும், பலகையில் பிறக்காது.

இன்னொன்று அளவு. பத்து கிலோ கத்தரி, ஐந்து கிலோ வெண்டை, நாலு கட்டுக் கீரை, கொஞ்சம் புடலை என்று கலந்து வைத்திருக்கும் அம்மாவுக்கு உழவர் சந்தை சொர்க்கம். பத்து மணிக்குள் விற்றுவிட்டுக் காசோடு பஸ் ஏறலாம். கமிஷன் இல்லை, முறை காத்திருப்பது இல்லை. ஒரு ஏக்கர் தக்காளிக்காரருக்கு ஒரு பறிப்பில் ஐம்பது பெட்டி, எழுநூறு கிலோ வரும். அரை கிலோ, கால் கிலோ என்று அதை நிறுத்துத் தீர்க்க அவருக்கு எத்தனை காலை வேண்டும்? அடையாள அட்டைக்கும் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும், நிலத்துக்குச் சான்று வேண்டும். சங்கக் கடன் கிடைக்காமல் முதலாளியிடம் வந்த அதே வாரக்காரர் இங்கேயும் வெளியே நிற்பார். சொந்த நிலமும், கலப்புப் பயிரும், யாருக்கும் பாக்கி இல்லாத நிலையும் உள்ளவருக்கு ஏற்ற சந்தை அது. 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் பராமரிப்பில்லாமல் கிடந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்று மாநிலத்தில் 180க்கு மேல் இருக்கின்றன. நகரத்தை ஒட்டிய சிறு விவசாயக் குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், கையில் தினக்காசு பார்த்தார்கள் என்றால் இதனால்தான். மற்றவர்கள் கமிஷன் கடையிலேயே இருந்தார்கள்.

இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் காலம். கம்பெனிச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம் அதற்கு வழி விட்டது. நாடு முழுக்கப் பத்தாயிரம் தொடங்குவோம் என்று 2020இல் மத்திய அரசு அறிவித்தது. எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலரும் ஒன்று தொடங்கி, கணக்கு வைப்பதில் யோசனை கேட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நேராகத் திருச்சூருக்கு லோடு அனுப்புவோம், கமிஷன் மிச்சம் என்றார்கள். நடவு மாதத்தில் உறுப்பினருக்குப் பணம் யார் கொடுப்பது என்று கேட்டேன். கொஞ்சம் மூலதனம் இருக்கிறது, அதிலிருந்து கொடுக்கிறோம், வட்டி வேண்டாம் என்று பார்க்கிறோம் என்றான் ஒருவன்.

வட்டி வாங்கு தம்பி என்றேன். மாதம் ஒரு ரூபாய் வட்டி போடு, சிட்டையில் தனிப் பத்தியாக எழுது, கையெழுத்து வாங்கு. எழுதிய வட்டியை ஆளால் கட்டித் தீர்க்க முடியும். பிறகு கடன் வாங்கினவன் பெட்டியும் வாங்காதவன் பெட்டியும் இறக்கின வரிசைப்படியே லாரி ஏறட்டும். அவர்களுக்கு அரை மனசு. மண்டியில் வட்டி இல்லை, நம் கம்பெனியில் வட்டி என்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். இயக்குநர் கூட்டத்தில் வைத்துப் பேசி முடிவெடுக்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். கூட்டம் ஆடிப் பதினெட்டு கழித்தாம். அதற்குள் ஆடிப் பட்டத்துக்கு நாற்று நட்டு முடித்திருப்பார்கள். முன்பணமும் ஏதாவது ஒரு கடையில் வாங்கியாகியிருக்கும்.