விற்க முடியாத சரக்கு



என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் இப்போது மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறீர்கள். கோழித்தீவனம், லாரி பாடி, மென்பொருள் என்று ஆளுக்கொன்றை விற்கிறீர்கள். "தினமும் எதையாவது எழுதச் சொல்றாங்க சார், உட்கார்ந்தா ஒண்ணும் ஓடமாட்டேங்குது" என்று போன வாரம் ஒருவன் போனில் புலம்பினான். அவனுக்குச் சொன்னதைத்தான் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விட்டு வந்துவிடலாம், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம். 1925-ல் ராஜாஜி அங்கே காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-ல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. ஆசிரியர் ராஜாஜி. அவருக்குத் துணையாக இருந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது நம் கல்கி. அப்போது அவருக்கு முப்பது வயது. இதழின் ஒரே நோக்கம் மதுவிலக்குப் பிரசாரம்.

இதைவிடக் கடினமான சரக்கு உண்டா? கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. "இருப்பதை விட்டுவிடு" என்பதுதான் சரக்கு. எதிர்க்கடையில் கள் இருக்கிறது. அதற்கு விளம்பரமே வேண்டாம், பொழுது சாய்ந்தால் ஆள் தானாக வருவான். கடை ஏலத்தால் அரசாங்கத்துக்கும் வருமானம். இவர்கள் பக்கம் இருந்ததோ காகிதமும் மையும்தான். அதையும் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குச் சிலரே.

கல்கி உபதேசத்தோடு நிற்கவில்லை, கதை எழுதினார். குடிக்கிறவனைத் திட்டி எழுதினால் ஏற்கெனவே குடிக்காதவன்தான் படித்துத் தலையாட்டுவான். கதை என்றால் படிக்கத் தெரியாதவனும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பான். வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் புரிகிற தமிழ் அவருடையது. உங்கள் கம்பெனி விளம்பரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதியில் மூச்சு வாங்கும். ('தரமான சேவையே எங்கள் தாரக மந்திரம்' என்று இன்னும் எத்தனை பேர்தான் எழுதுவீர்கள்!)

இன்னொன்று, அவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தைப் பற்றி எழுதவில்லை. ஆசிரமத்திலேயே இருந்தார். சுற்றியிருந்த ஊர்களின் பாடு கண்ணெதிரே இருந்தது. கற்பனை வறண்டுவிட்டது என்கிறவர்கள் பெரும்பாலும் பொருளை வாங்குகிறவன் முகத்தைப் பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம்.

விமோசனம் பத்து இதழ்களோடு நின்றது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, இருவரும் சிறை சென்றார்கள். அடுத்த ஆண்டு கல்கி ஆனந்த விகடனுக்கு ஆசிரியராகப் போனார். விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். எழுத்து விலைபோவது எதனால் என்று அறிந்த மனிதர். மாதக்கெடுவில் பழகிய கை அங்கே வாரக்கெடுவுக்கு மாறியது. பின்னாளில் சொந்தப் பத்திரிகையில் பொன்னியின் செல்வனை மூன்றரை ஆண்டுகள் தொடர்கதையாக எழுதியதும் அந்தக் கைதான். மூடு வரட்டும் என்று காத்திருந்தால் அச்சகத்துக்காரன் சும்மா இருப்பானா?

பத்து இதழ்கள்தான் கள்ளுக்கடையை மூடின என்று நான் சொல்ல வரவில்லை. ராஜாஜி முதலமைச்சரான பிறகு, 1937 அக்டோபர் 1 அன்று, அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கு வந்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். நீங்கள் போடும் பில்லில் இருக்கும் வரிக்கு அதுதான் தாத்தா. ஆனால் சட்டம் வருவதற்கு எட்டு வருடம் முன்பே, கேட்க ஆளில்லாத பேச்சைக் கேட்க வைக்கும் வேலையைப் புதுப்பாளையத்தில் இரண்டு பேர் மாதாமாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுப்பாடம் தராமல் விடுவேனா? வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பொருளை வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். அன்றிரவே அரைப்பக்கம் எழுதுங்கள், பொருளின் பெயர் அதில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிவப்பு மை இன்னும் மிச்சம் இருக்கிறது.